சுடாத கால்

2009 அல்லது 2010 ஆக இருக்கும். கடலூரில் ஒரு கேக் கடையில் பில் போட்டுக்கொண்டிருந்தேன். சிதம்பரத்திலிருந்து தினமும் பஸ். பி.காம். முடித்திருந்ததால் என்னை நானே அக்கவுண்டண்ட் என்று சொல்லிக்கொள்வேன். கடையில் வேறு யாரும் அப்படிச் சொன்னதில்லை.

கேக்குக்கு க்ரீம் நுரைக்க வைப்பதற்கு விரல் நீள இரும்புக் குப்பிகளில் ஒரு கேஸ் வரும். அது சிரிப்பு வாயு என்று கேக் மாஸ்டர் சொன்னான். என் வயதுக்காரன், மச்சான் என்றுதான் கூப்பிட்டுக்கொள்வோம். பிறந்தநாள் பலூனுக்குக் கடையில் பஞ்சமா? மதியம் வியாபாரம் மந்தமானால் ஆளுக்கொரு பலூனில் அந்த கேஸைப் பிடித்துக்கொண்டு, பின்கட்டில் உட்கார்ந்து உறிஞ்சுவோம். தலை கிறுகிறுக்கும், காது ரீங்கரிக்கும், ஒன்றுமில்லாததற்குச் சிரிப்போம். சாராயம் கிடையாது, சிகரெட் கிடையாது, நான் ஒழுக்கமான பையன் என்ற நினைப்பு வேறு. எங்கள் வீட்டில் முட்டைகூடச் சேர்ப்பதில்லை. காற்று சைவம்தானே என்று சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

சில மாதங்களில் பாதம் மதமதவென்று ஆனது. பஸ்ஸில் நின்றே போவதால் என்று நினைத்தேன். ஒருநாள் வீட்டுக்குள் நுழைந்தபோது ஒரு காலில்தான் செருப்பு இருந்தது. மற்றது எந்த ஊரில் கழன்றது என்று எனக்கே தெரியவில்லை. முகம் கழுவக் கண்ணை மூடினால் தள்ளாடிச் சுவரில் முட்டுவேன். அதற்கு சோப்பைத் திட்டினேன்.

அந்தக் கத்திரி வெயிலில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, உச்சிக்கால பூஜை பார்த்துவிட்டு அம்மாவோடு கோயில் வெளிப்பிரகாரத்துக்கு வந்தேன். கருங்கல் தரை தோசைக்கல்லாகக் காய்ந்து கிடந்தது. அந்த நேரத்தில் அங்கே யாரும் நடப்பதில்லை, நிழலுக்கு நிழல் குதித்துத்தான் ஓடுவார்கள். அம்மாவும் முந்தானையைச் செருகிக்கொண்டு ஓடினாள். நான் மட்டும் மாப்பிள்ளை அழைப்பு ஊர்வலம் மாதிரி நிதானமாக வந்தேன். எனக்குச் சுடவே இல்லை.

அம்மா நிழலில் நின்று என்னையே பார்த்தாள். சாயங்காலத்துக்குள் கீழவீதி முழுக்கச் செய்தி பரவிவிட்டது. மாமா வீடு தேடி வந்து, "ஒனக்கு சாமி அருள் ஜாஸ்தி மாப்ள" என்றார். நானும் அடக்கமாகத் தலையைக் குனிந்துகொண்டேன். குனிந்ததும் கழுத்திலிருந்து முதுகு வழியாகக் கரண்டு அடித்தது. அதையும் அருள் கணக்கில் சேர்த்துக்கொண்டேன்.

மறுநாள் உள்ளங்கால் முழுக்கக் கொப்புளம். வலிக்கவில்லை. அப்போதுதான் எனக்கு நிஜமாகவே பயம் வந்தது.

கடலூரில் நரம்பு டாக்டர் அதிர்கிற இரும்புக் கவை ஒன்றைக் கட்டைவிரலில் வைத்து, அதிர்கிறதா என்று கேட்டார். எங்கே வைத்தீர்கள் என்று நான் கேட்டேன். அம்மா நடுவில் புகுந்து, நாங்கள் சுத்த சைவம் என்றும், பிள்ளை சுடுகல்லில் நடந்த கதையையும் பெருமையாகச் சொன்னாள். டாக்டர் அவளை விட்டுவிட்டு என்னைப் பார்த்து, வேறு என்ன பழக்கம் என்றார். பலூன் என்றேன். அம்மாவுக்குப் புரியவில்லை. அவரே அவளுக்குப் புரியும்படி விளக்கினார். நரம்புக்கு வேண்டிய பி12 சத்து கறி, மீன், முட்டையில்தான் அதிகம், எனக்கு முதலிலேயே அது குறைச்சல், இருந்த கொஞ்சத்தையும் இந்தக் காற்று செல்லாக்காசாக்கிவிட்டது. மச்சான் தினமும் மீன் குழம்பு சாப்பிடுகிறவன். அவன் பாட்டுக்கு க்ரீம் அடித்துக்கொண்டிருந்தான்.

"கால் பழையபடி வந்துடுங்களா?" என்று அம்மா கேட்டாள்.

"இப்ப சொல்ல முடியாதும்மா. நரம்பு மெதுவாத்தான் வரும். வராமயும் போவலாம்."

திரும்பும் பஸ்ஸில் அம்மா என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. பரங்கிப்பேட்டை தாண்டியதும், "ஊரு பூரா சொல்லிட்டேனேடா" என்றாள், அவ்வளவுதான்.

பலூனை விட்டேன், வேலையையும் விட்டேன். சிவப்பு நிற பி12 ஊசி மருந்து இடுப்பில் ஏறிக்கொண்டே இருந்தது. அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு நான்கு வீதியும் நடத்தினாள். காலேஜ் முடித்த தடியனை அம்மா நடை பழக்குவதைப் பார்த்து ஆட்டோக்காரர்கள் ஆரன் அடிக்காமல் ஒதுங்கிப் போனார்கள். அந்த மரியாதைதான் தாங்க முடியவில்லை. மாதங்கள் போகப் போகக் காலில் எறும்பு ஊர்ந்தது, பிறகு எரிந்தது. எரிவது நல்ல அறிகுறி என்றார் டாக்டர். பகலில் நம்பினேன். படுத்தால், இனி இப்படியேதான் என்று அழுகை வரும்.

அடுத்த கத்திரியில் மறுபடி அதே பிரகாரம், அதே உச்சிவேளை. அம்மாதான் கூட்டிக்கொண்டு போனாள். கல்லில் காலை வைத்தேன். ஒன்றுமில்லை. இரண்டு எட்டு வைத்ததும் பாதத்திலிருந்து உச்சந்தலைவரை சுரீர் என்றது. ஐயோ அம்மா என்று அலறிக்கொண்டு, கோயில் என்றும் பாராமல் நொண்டிக் குதித்து நிழலுக்கு ஓடினேன். அங்கே உட்கார்ந்திருந்தவர்கள் சிரித்தார்கள்.

திரும்பிப் பார்த்தால் அம்மா நடு வெயிலிலேயே நின்றிருந்தாள். முகமெல்லாம் கண்ணீர்.

"சுடுதாடா?" என்றாள். "நல்லா சுடுதா?"

அவள் நிற்பதும் அதே கல்தான் என்பதை நான்தான் சொல்ல வேண்டியிருந்தது.