கதவைச் சாத்திவிட்டுப் போனவர்

என் வீட்டுக்காரர் லிஃப்ட் மெக்கானிக். கூட வேலை பார்க்கிறவர்கள் அவருக்கு வைத்த பெயர் பயந்தாங்கொள்ளி. பொய் சொல்லக்கூடாது, பொருத்தமான பெயர்தான். லிஃப்ட் கூண்டின் கூரைமேல் ஏறி நின்று, இருட்டுக் குழிக்குள் டார்ச் அடித்து, இரும்புக் கயிற்றைத் தடவித் தடவிப் பார்க்கிற வேலை அது. மனுஷருக்கு ஏறும்போதே கால் நடுங்கும். மற்றவர்கள் ஒருதரம் பார்த்துவிட்டு டீ குடிக்கப் போவார்கள்; இவர் பார்த்ததையே திரும்பப் பார்த்து அவர்கள் உயிரை வாங்குவார். வீட்டிலும் அதே கதைதான். கேஸை அணைத்தாயா என்று கேட்பார். அணைத்தேன் என்று சொன்ன பிறகும் எழுந்துபோய்ப் பார்ப்பார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

கடவுள் கொடுத்த வேலையாக இருந்தால் கூடவே தைரியத்தையும் கொடுத்திருக்க மாட்டாரா என்று வருஷக்கணக்காகப் புலம்பினார். தப்பான இடத்தில் வந்து மாட்டிக்கொண்டேன், இதை உதறிவிட்டுக் கோயிலில் முழுநேரத் தொண்டுக்குப் போகிறேன் என்று கடைசியில் முடிவே கட்டிவிட்டார். மாதக் கடைசியோடு நிற்பதாக முதலாளியிடம் சொல்லியாயிற்று. விட்டது தொல்லை என்றுதான் எனக்கும் இருந்தது.

அந்த வாரம் எனக்குப் பல்வலி. பல் டாக்டர் இருந்தது இவர் பார்த்துக்கொள்கிற ஒரு கட்டடத்தின் ஐந்தாம் மாடியில். பாதி வைத்தியத்தோடு இறங்கி வரும்போது, லிஃப்ட் நாலாம் மாடியைத் தாண்டியதும் படக்கென்று நின்றது. விளக்கும் போய்விட்டது. உள்ளே நெருக்கியடித்துக்கொண்டு நின்றோம். ஒரு அம்மா அழ ஆரம்பித்தார். தடியர் ஒருவர் கதவை உதைத்தார். காலுக்குக் கீழே என்ன இருக்கிறது என்று நினைக்காதே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அதைத் தவிர வேறெதையும் நினைக்க முடியவில்லை.

வெளியிலிருந்து சாவி போட்டுக் கதவைத் திறந்தார்கள். என் நெஞ்சு உயரத்தில் நாலாம் மாடித் தரை. அதற்கு மேலே ஒரு ஆள் நுழைகிற சந்து, கொஞ்சம் வெளிச்சம். இவரும் இவருடைய கூட்டாளியும் குனிந்து பார்த்தார்கள். என்னைக் கண்டதும் இவர் முகம் வெளுத்துப்போனது. ஒவ்வொருவராக ஏறி வந்துவிடலாம் என்று கூட்டாளி கையை நீட்டினார். இருக்கிறதில் நான்தான் ஒல்லி. தடியர் என்னைத் தூக்கிவிட்டார். தலையும் ஒரு கையும் வெளியே வந்தாயிற்று.

"கையக் குடுங்க," என்றேன் இவரிடம்.

கொடுக்கவில்லை. கூட்டாளியின் கையைத் தட்டிவிட்டு, என் உச்சந்தலையில் உள்ளங்கையை வைத்து ஒரே தள்ளாக உள்ளே தள்ளினார். நான் தடியர்மேல் போய் விழுந்தேன். கட்டின பெண்டாட்டி என்றுகூடப் பார்க்கவில்லையே என்ற ஆத்திரத்தில் வாய்க்கு வந்தபடி திட்டினேன். உன் பயத்தை இங்கேயும் கொண்டு வராதே என்று கூட்டாளியும் கத்தினார். பிரேக்கைப் பார்க்காமல் யாரும் ஏறக்கூடாது என்று இவர் நடுங்குகிற குரலில் அதையே திரும்பத் திரும்பச் சொன்னார்.

சொல்லிக்கொண்டிருக்கும்போதே லிஃப்ட் வழுக்கியது.

பெரிய சத்தம்கூட இல்லை. அந்தச் சந்து கண்ணெதிரே சுருங்கி, ஒரு சாண் அளவுக்கு வந்து நின்றது. சற்றுமுன் என் கழுத்து இருந்த இடத்துக்குக் கூண்டின் இரும்பு விளிம்பு இறங்கியிருந்தது. தடியர் என் தோளைப் பிடித்துக்கொண்டார்.

இவர் அடுத்துச் செய்ததுதான் கொடுமை. மேலே மோட்டார் அறைக்குப் போய், சக்கரத்தைக் கையால் சுற்றி, கூண்டை மூன்றாம் மாடி மட்டத்துக்கு இறக்கப் போவதாகச் சொன்னார். அதுவரை யாரும் எதையும் தொடக்கூடாதாம். போகாதீர்கள் என்று கெஞ்சினேன். கதவைச் சாத்திவிட்டுப் போய்விட்டார். அந்தக் கும்மிருட்டில் கடவுளைக் கூப்பிடத்தான் வாயைத் திறந்தேன். வந்ததென்னவோ "என்னங்க" தான்.

கூண்டு அசைந்தது. நின்றது. மறுபடி அசைந்தது. ஒருவழியாகக் கதவு திறந்தபோது எதிரே மூன்றாம் மாடித் தரை சமமாக நின்றது. கூட்டாளி எங்களை இறக்கிவிட்டார். நான் படியேறி ஓடினேன். மோட்டார் அறை வாசலில் இவர் தரையில் உட்கார்ந்திருந்தார். எப்படி மனசு வந்தது என்னைத் தள்ள என்று கேட்டேன்.

"தைரியசாலியா இருந்திருந்தா உன்னத் தூக்கிவிட்டிருப்பேன்," என்றார். "பயம்தான் தள்ளிச்சு. இத்தன நாளும் இது என்னமோ தப்பா வந்து ஒட்டிக்கிச்சுன்னு நெனச்சேன். கடவுள் இந்த வேலைக்குன்னே இதக் குடுத்து அனுப்பியிருக்காருடி."

வேலையை விடவில்லை என்று மறுநாளே முதலாளியிடம் சொல்லிவிட்டார். பிரேக் மாற்றி முடித்த அன்று, பாதியில் நின்ற பல்லுக்காக நானும் போக வேண்டியிருந்தது. முதல் தடவை அவரே தனியாக ஏறி மேலே போனார், இறங்கி வந்தார். கதவைப் பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்தார். எனக்கு உயிரே போகிற பயம். படியிலேயே போய்விடலாம் என்று திரும்பினேன். அப்போதுதான் அவர் கையைப் பார்த்தேன். இன்னும் நடுங்கிக்கொண்டுதான் இருந்தது.

உள்ளே காலை வைத்தேன்.