தினம் மூன்று நல்லது

அரங்கநாதனைப் பற்றி எழுத என்னை விட்டால் ஆள் கிடையாது. இருபத்திரண்டு வருடமாக அவர் வீட்டுக்கும் என் வீட்டுக்கும் நடுவில் ஒரே சுவர். அந்தப் பக்கம் தும்மினால் இந்தப் பக்கம் கேட்கும். என் பெயர் ராஜாம்பாள். கச்சிராயபாளையத்திலிருந்து மலைக்குப் போகிற வழியில் இருக்கிறது எங்கள் ஊர். சத்துணவு அமைப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவள் நான். எனக்கு வாய் ஜாஸ்தி என்று ஊரில் சொல்வார்கள். சொல்லிவிட்டுப் போகட்டும்.

அரங்கநாதன் பொதுப்பணித் துறையில் லஸ்கர். வாய்க்கால் மதகைத் திறப்பதும் மூடுவதும்தான் வேலை. அதோடு, தண்ணீர் எத்தனை அடி போகிறது என்று கல்லில் போட்ட கோட்டைப் பார்த்துப் பதிவேட்டில் எழுத வேண்டும். காலை ஆறு மணிக்கு ஒரு தடவை, மாலை ஆறு மணிக்கு ஒரு தடவை. தண்ணீரே வராத சித்திரை வைகாசியிலும் போவார். பார்த்துவிட்டு ‘இல்லை’ என்று எழுதிவிட்டு வருவார்.

“காஞ்சி கெடக்கற வாய்க்கால போயி இன்னா பாக்கற நீ? வூட்டுல குந்திக்கினே எழுதினா ஆவாதா?” என்று ஒரு தடவை கேட்டேன்.

“பாக்காம எப்பிடிக்கா எழுதறது?” என்றார்.

நாற்பத்தேழு பிள்ளைகள் சாப்பிட்ட நாளில் அறுபது என்று எழுதிப் பழகிய கை என்னுடையது. அவர் சொன்னதைக் கேட்டு எனக்குச் சிரிப்புதான் வந்தது.

அவர் மனைவி செவ்வந்தி. இருவருக்கும் பிள்ளை இல்லை. எனக்கும் அவளுக்கும் வாரத்துக்கு ஒரு சண்டை வரும், குழாய்த் தண்ணீருக்காகவோ கோழிக்காகவோ. சாயங்காலமே சமாதானம் ஆகிவிடும். ஐப்பசியில் காய்ச்சல் என்று படுத்தவள், நாலாம் நாள் போய்விட்டாள். நாற்பத்தொன்பது வயது. அவள் போனது இன்றுவரை எனக்கு ஆறவில்லை.

தெருவே அழுதது. அரங்கநாதன் அழவில்லை. பந்தலுக்குச் சொன்னது, ஐஸ் பெட்டிக்குச் சொன்னது, வந்தவர்களுக்கு நாற்காலி எடுத்துப் போட்டது எல்லாம் அவர்தான். கருமாதி முடிந்த மறுநாள் காலை ஆறு மணிக்கு மதகுக்குப் போய்விட்டார். “கல்லு மனசுடி இவருக்கு” என்றாள் எதிர்வீட்டுப் பச்சையம்மாள். நானும் ஆமாம் போட்டேன். இப்போது நினைத்தால் எனக்கு என் மேலேயே கோபம் வருகிறது.

அது கல் மனசு இல்லை என்று தெரிய எனக்கு மாதக்கணக்கில் ஆயிற்று. சோறு வைத்தால் சாப்பிடுவார், வைக்காவிட்டால் கேட்க மாட்டார். “பசிக்குதா?” என்று கேட்டால் “தெரியலக்கா” என்பார். டிவி ஓடும், அவர் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருப்பார். ஒருநாள் வெந்நீர்ப் பானையை வெறுங்கையால் இறக்கி உள்ளங்கை முழுக்கக் கொப்பளித்துவிட்டது. நான் கூச்சல் போட்டபிறகுதான் கையைத் திருப்பிப் பார்த்தார்.

அடுத்த ஆவணியில் மதகைத் திறக்கச் சொல்லி போன் வந்தது. போனார். மதகின் சக்கரத்தில் கை வைத்தார். திருகவில்லை. காலை ஏழு மணியிலிருந்து பதினொன்று வரை அப்படியே நின்றிருக்கிறார். அடுத்த மதகு லஸ்கர் மாயவன்தான் போய்ப் பார்த்தது. கையை விலக்கிவிட்டு அவன் திறந்தான். யாருக்கும் நஷ்டம் இல்லை, தண்ணீர் நாலு மணி நேரம் தாமதம், அவ்வளவுதான். ஆனால் அதிகாரி விடவில்லை. மருத்துவ விடுப்பில் போ, வேலைக்குத் தகுதி என்று டாக்டர் சான்றிதழ் கொடுத்தபிறகு வா என்று சொல்லிவிட்டார். தப்பாகச் சொல்லவில்லை.

கள்ளக்குறிச்சி ஆஸ்பத்திரிக்கு நான்தான் கூட்டிக்கொண்டு போனேன். டாக்டர் பார்த்து மாத்திரை கொடுத்தார். பிறகு ஆலோசகரிடம் அனுப்பினார். ஆனந்தமேரி என்று பெயர், தியாகதுருகத்துப் பக்கத்துப் பெண், முப்பது வயதுக்குள்தான் இருக்கும். பொறுமையாகப் பேசியது. ஒரு தாளில் நாலு பழக்கம் எழுதிக் கொடுத்தது. காலையில் எழுந்ததும் குளிக்க வேண்டும். அரைமணி நேரம் நடக்க வேண்டும். தினம் ஒருவரிடமாவது பேச வேண்டும். சாயங்காலம் உட்கார்ந்து, அன்றைக்கு நடந்த நல்லது மூன்றை ஒரு நோட்டில் எழுத வேண்டும்.

“சின்ன சின்ன பழக்கம்தாங்க ஐயா. தெனம் பண்ணிக்கினே வந்தீங்கன்னா, நல்லது கண்ணுல பட ஆரம்பிக்கும்” என்றது அந்தப் பெண்.

“செய்யறேங்க” என்றார் அரங்கநாதன்.

செய்தார். அதில் ஒரு குறை சொல்ல முடியாது. விடிவதற்குள் குளித்துவிடுவார். கரையோரம் கடிகாரத்தைப் பார்த்து அரைமணி நேரம் நடப்பார், ஒரு நிமிடம் கூடவும் கூடாது, குறையவும் கூடாது. தினம் ஒருவரிடம் பேச வேண்டும் என்றார்கள் அல்லவா, அந்த ஒருவர் நான். நாலரை மணிக்கு என் வாசலில் வந்து நிற்பார்.

“நல்லா கீறீங்களாக்கா?”

“நல்லா கீறேன்.”

“சரிக்கா.”

போய்விடுவார். பேச்சு முடிந்தது. ஒருநாள் நான் வேண்டுமென்றே, “நல்லா இல்ல, இடுப்பு வலி உயிர் போவுது” என்றேன். அதற்கும் “சரிக்கா” என்றார்.

முதல் மாதம் முடிந்து நோட்டைக் கொண்டுபோனோம். ஆனந்தமேரி பிரித்தது. தேதி போட்டு, ஒன்று இரண்டு மூன்று என்று எண் போட்டு, ஒவ்வொன்றுக்கும் நேராக ‘இல்லை’, ‘இல்லை’, ‘இல்லை’. முப்பது நாளும் அதேதான். கையெழுத்து அச்சடித்த மாதிரி இருந்தது.

“ஐயா, ஒண்ணு கூடவா இல்ல? காலையில டீ குடிச்சீங்க இல்ல, அது நல்லா இருந்திருக்கும்...”

“டீ குடிச்சேங்க. நல்லா இருந்துச்சான்னு பாத்தேன். தெரியல.”

அந்தப் பெண் பேனாவை மூடி வைத்து, நோட்டை அவரிடமே திருப்பிக் கொடுத்தது. பிறகு, “பரவால்ல, விடாம எழுதுங்க” என்றது. எனக்குத்தான் பற்றிக்கொண்டு வந்தது. பஸ் ஏறியதும், “எதுனா ஒண்ணு எழுதித் தொலைச்சா இன்னா கொறஞ்சிடும் ஒனக்கு?” என்று கத்தினேன். கண்டக்டர் திரும்பிப் பார்த்தான். அரங்கநாதன் பார்க்கவில்லை.

இந்த விஷயம் என் வாயால்தான் தெருவுக்குத் தெரிந்தது. அதிலிருந்து ஆளாளுக்கு அவருக்கு நல்லது செய்ய ஆரம்பித்துவிட்டார்கள். பச்சையம்மாள் களியும் கருவாட்டுக் குழம்பும் கொண்டுவந்து வைத்து, “இத எழுதிக்கோங்க” என்றாள். ஒருத்தர் மலையிலிருந்து பலாப்பழம் கொண்டுவந்தார். வாசலை ஒருத்தி பெருக்கிக் கொடுத்தாள். மறுநாள் தன் பெயர் நோட்டில் இருக்கிறதா என்று பார்க்க எல்லோரும் வந்தார்கள். ‘பச்சையம்மாள் கருவாட்டுக் குழம்பு கொடுத்தார். உப்பு ஜாஸ்தி. நல்லதா என்று தெரியவில்லை’ என்று எழுதியிருந்தது. பச்சையம்மாள் அதோடு அந்தப் பக்கம் போவதை நிறுத்திவிட்டாள். மற்றவர்களுக்கும் பத்து நாளில் சலித்துவிட்டது.

மூன்றாவது மாதம் மாயவன் வந்தான். இந்த மாதக் கடைசிக்குள் சான்றிதழ் வராவிட்டால் மெடிக்கல் போர்டுக்கு எழுதப் போகிறார்களாம், அவர்கள் தகுதி இல்லை என்றால் வேலையை விட்டே நிறுத்திவிடுவார்களாம். என்னிடம் தனியாகத்தான் சொன்னான். அந்த மனுஷனுக்கு இந்த உலகத்தில் மிச்சம் இருந்தது அந்த மதகு ஒன்றுதான். விடுப்பில் இருக்கும்போதுகூட ஆறு மணிக்குக் கரைக்குப் போய் அளவுக் கோட்டைப் பார்த்துவிட்டு வருவார். அதையும் பிடுங்கிவிட்டால் அவர் அந்தச் சுவரோரம் உட்கார்ந்தபடியே போய்ச் சேர்ந்துவிடுவார் என்று பயந்தேன்.

ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டிய செவ்வாய்க்கிழமைக்கு முந்தின நாள் அவருக்குக் காய்ச்சல். “நான் போய் நோட்டக் காட்டிட்டு வரேன், நீ படு” என்றேன். அந்த மாத நோட்டைக் கொடுத்தார். நான் கடைக்குப் போய் அதே மாதிரி வேறொரு நோட்டு வாங்கி வந்து, என் வீட்டில் உட்கார்ந்து ஒரு மாதத்தையும் அவர் கையெழுத்தில் எழுதினேன். பொய் எழுதுவது எனக்குப் புதிதா என்ன? ‘வாய்க்கால் கரையில் மீன்கொத்தி பார்த்தேன். மகிழ்ச்சி.’ ‘மலை பச்சையாகத் தெரிந்தது.’ ‘ராஜாம்பாள் அக்கா போட்ட டீ நன்றாக இருந்தது.’ எழுத எழுத எனக்கே நன்றாகத்தான் இருந்தது. முதல் பத்து நாளில் ஒரு நல்லது, அடுத்த பத்து நாளில் இரண்டு, கடைசியில் மூன்று என்று படிப்படியாக ஏற்றினேன். கடைசி நாளில் இப்படி எழுதினேன்: ‘செவ்வந்தியின் முகம் நினைவுக்கு வந்தது. சிரித்துக்கொண்டேன்.’

ஆனந்தமேரி படித்துவிட்டுக் கண் கலங்கியது. “அடுத்த வாரம் ஐயாவ கூட்டிக்கினு வாங்கம்மா. டாக்டர் நேர்ல பாத்துட்டு சான்றிதழ் பத்தி முடிவு சொல்லுவாரு” என்றது. நான் ஜெயித்துவிட்ட நினைப்பில் பஸ் ஏறினேன்.

மத்தியானம் அவர் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். காய்ச்சல் விட்டிருந்தது. அடுத்த வாரம் டாக்டர் வரச் சொன்னதைச் சொன்னேன். என் கையிலிருந்த புது நோட்டை வாங்கிப் பிரித்தார். ஒவ்வொரு பக்கமாகப் படித்தார்.

“மீன்கொத்தி எங்க வந்துச்சு?” என்றார்.

“வந்துச்சுன்னு வெச்சிக்கோயேன்.”

மேலே படித்துக்கொண்டே போனார். கடைசிப் பக்கத்தில் கண் நின்றது. பிறகு எழுந்து நின்றார்.

“யாரு எழுதனது இத?”

“நாந்தான் தம்பி, ஒன் நல்லதுக்குத்தான்...”

“அவ மொகம் எனக்கு வரல!” என்று கத்தினார். சுவரில் மாட்டியிருந்த படத்தைக் காட்டினார். “போட்டோவ பாத்தா போட்டோதான் தெரியுது. கண்ண மூடினா ஒண்ணுமே இல்ல. ஒரு வருசமா தேடிக்கினு கீறேன். அதான் எனக்கு நோவே. வராதத வந்துச்சுன்னு எழுதறதுக்கு நீ யாரு? வெளிய போ!”

இருபத்திரண்டு வருடத்தில் என்னை ஒரு தடவைகூட நீ என்று சொன்னவர் இல்லை. நான் வாசல்வரை பின்னால் நகர்ந்தேன். அவர் நோட்டை வீசி எறிந்தார். அது என் காலடியில் விழுந்தது. பிறகு அப்படியே தரையில் உட்கார்ந்து அழுதார். நான் போகவில்லை, கிட்டேயும் போகவில்லை. வாசற்படியிலேயே உட்கார்ந்தேன். பச்சையம்மாள் எதிர்வீட்டிலிருந்து எட்டிப் பார்த்தாள், கையைக் காட்டி உள்ளே போகச் சொன்னேன். விளக்கு வைக்கும்வரை அழுதார். எனக்கு வெட்கமாக இருந்தது. முப்பது வருடம் பதிவேட்டில் எழுதிய பொய்யெல்லாம் யாரையும் சுடாத பொய். இது சுட்டுவிட்டது.

அடுத்த செவ்வாய்க்கிழமை இரண்டு பேரும் போனோம். இரண்டு நோட்டையும் மேஜையில் வைத்தார்.

“இது நான் எழுதனது. அது பொய்” என்றார்.

ஆனந்தமேரி என்னைப் பார்த்தது. நான் தரையைப் பார்த்தேன். திட்டியிருந்தால் தேவலை, அந்தப் பெண் திட்டவில்லை. “இப்போ சான்றிதழ் தரச் சொல்லி நான் எழுத முடியாதுங்க ஐயா. இன்னும் ரெண்டு மாசம் டைம் கொடுங்கன்னு டாக்டர் மூலமா ஒங்க ஆபீசுக்கு எழுதச் சொல்றேன். கேப்பாங்களா இல்லையான்னு தெரியல” என்றது.

“சரிங்க” என்றார்.

“போன செவ்வாக்கெழம எழுதலியா? நோட்டுல அந்த நாள் மட்டும் காலியா கீதே.”

“அன்னிக்கி இவங்கள திட்டிட்டேங்க. அப்புறம் அழுதேன். அத நல்லதுல எழுதலாமான்னு தெரியல. அதான் வுட்டுட்டேன்.”

“நெஜமா நடந்துச்சா?”

“நடந்துச்சு.”

“அப்போ எழுதிடுங்க.”

பேனாவை வாங்கி அங்கேயே எழுதினார். ஒன்று என்று போட்டு, ‘அழுதேன்’. இரண்டுக்கும் மூன்றுக்கும் நேராக ‘இல்லை’.

திரும்பும்போது டவுன் பஸ்ஸில் கூட்டம் இல்லை. ஜன்னலோரம் அவர், பக்கத்தில் நான். வேலை போய்விடுமோ என்று நான் மனசுக்குள் புலம்பிக்கொண்டு வந்தேன். கரும்பு லாரிக்காகப் பஸ் ஓரம்கட்டி நின்றது. அவர் வெளியே பார்த்தபடியே கேட்டார்.

“அக்கா, அவளுக்கு மேல்பல்லு ஒண்ணு கோணையா இருக்கும் இல்ல?”

“ஆமா தம்பி.”

“எந்தப் பக்கம்?”

எதற்கும் வாயில் பதில் வைத்திருக்கிறவள் நான். இடது பக்கம் என்று சொல்ல நாக்கு துருதுருத்தது. எனக்கு நிஜமாகவே தெரியாது.

“தெரியலப்பா” என்றேன்.

லாரி போனது, பஸ் கிளம்பியது. இரண்டு நிறுத்தம் தாண்டியபிறகு பேசினார்.

“வலது பக்கம்க்கா. சிரிச்சா கையால மறைச்சிக்குவா.”