தெரியல என்னும் மூன்றாவது பதில்

அலுவலக வாட்ஸ்அப் குழுவில் செய்தி தெலுங்கில் வந்தது. மேலாளர் ஒரே வரி எழுதியிருந்தார். எஸ்தர் காலமானாள், அடக்கம் நாளை சித்தூரில். காய்ச்சல் என்று மூன்று நாள் விடுப்பில் போனவள். என் பக்கத்து மேசை.

அவளோடு வேலை செய்த எல்லோருக்கும் அவள் பிடிவாதம் தெரியும். எனக்கு அது எரிச்சலாகத்தான் இருந்தது.

திருப்பதியில் எங்கள் வேலை, ஒரு பால் கொள்முதல் நிறுவனத்துக்கான மென்பொருள். மாடுகள், ஊசிகள், பால் எல்லாம் ஒரே தரவுத்தளத்தில் இருந்தன. ஓரிடத்தில் கை வைத்தால் எல்லாம் நின்றது. பிரிக்க முடிவானது. நான் பலகையில் கட்டங்கள் வரைந்தேன். மருத்துவத்துக்குத் தனிச் சேவை, தனித் தரவு. கொள்முதலுக்குத் தனி. ஒன்று மற்றதற்குச் செய்தி அனுப்பும்.

எஸ்தர் ஒன்றுதான் கேட்டாள். "ஊசி போட்ட மாட்டுப் பால நாலு நாளு எடுக்கக்கூடாது. இப்போ ரெண்டும் ஒரே எடத்துல கீது, தெரியுது. பிரிச்சிட்டா, சேதி வந்து சேர்ற வரிக்கும் இன்னாடி சொல்லுவே?"

சில நொடிகள்தானே என்றேன். எடுக்கலாம், கூடாது என்று இரண்டே பதில்கள் வைத்தேன். செய்தி வராவிட்டால், எடுக்கலாம்.

முதலில் சில மையங்களில் மட்டும் புதியதை ஓடவிட்டபோது, கார்வேட்டிநகரம் பக்கம் ஓர் இரவு முழுக்க சிக்னல் இல்லை; ஊசி போட்ட செய்தி வரவில்லை. ஊசி போட்ட மாட்டின் பால் காலையில் சேர்ந்துவிட்டது. பரிசோதனையில் பிடிபட்டு, டேங்கர் பால் முழுவதையும் கொட்டினார்கள். தவறு என்னுடையது. அப்பவே சொன்னேன் என்று அவள் சொல்லவில்லை. மறுநாள் என்னை அந்தப் பால் சேகரிப்பு மையத்துக்கு பஸ்ஸில் அழைத்துப் போனாள்.

அங்கே ஒரு கேன் கைப்பிடியில் சிவப்பு நூல். மாட்டுக்கு ஊசி போட்டால் வீட்டுக்காரர்கள் கட்டுவது. நூலைக் கண்டால், எந்த மாட்டுப் பால் என்று கேட்காமல் வாங்குவதில்லையாம். எங்கள் திரை வரும் வரை. "ஸ்கிரீன்ல பச்சை வந்துச்சி மேடம், ஊத்திட்டோம்" என்றாள் மையத்துப் பெண்.

திரும்பும்போது எஸ்தர் ஜன்னலைப் பார்த்தபடி சொன்னாள். "அத பொய் சொல்ல வச்சிக்கீறே. தெரியலன்னா தெரியலன்னு சொல்லட்டுமே. இன்னா கொறைஞ்சி பூடும் உனுக்கு?"

அன்றே மூன்றாவது பதிலைச் சேர்த்தாள். திரையில் அது தெலுங்கில் வரும். நிரலுக்குள் அவள் வைத்த பெயர்: தெரியல. அது வந்தால் மையத்தில் கேனைப் பார்த்து, கேட்டுவிட்டுத்தான் ஊற்ற வேண்டும். வரிசை நீள்கிறது, அந்தப் பதிலை நீக்கிவிடு என்று எல்லோரும் சொன்னார்கள். நானும்.

விடுப்புக்கு முன் அவள் கடைசியாகச் சொன்னது: "நான் வர்ற வரிக்கும் அதுல கை வைக்காதே." சரி என்றேனா? நினைவில்லை. அதுதான் உறுத்துகிறது.

அடக்கத்தன்று, நைனா என்று அவள் கூப்பிடும் அப்பா கேட்டார். "அந்தப் பிரிக்கிற வேல முடிஞ்சிதாம்மா? அதயே சொல்லிக்கினு இருந்தா." முடியவில்லை என்றேன்.

இன்று காலை பழைய தரவுத்தளத்தை நிறுத்தினோம். முதல் ஒரு மணி நேரத்தில் ஒன்பது கேன்கள், தெரியல என்று நின்றன. மேலாளர் என் நாற்காலிக்குப் பின்னால் வந்து, அந்தப் பதிலை நீக்கிவிடலாமா என்றார். நான் ஒவ்வொரு மையத்துக்கும் போன் செய்து, கைப்பிடியைப் பார்க்கச் சொன்னேன். எட்டில் ஒன்றுமில்லை.

ஒன்பதாவதில் நூல் இருக்கிறது என்றார்கள்.

அந்த ஒரு சொல்லை நான் வைத்துக்கொள்கிறேன், எஸ்தர். கை வைக்கவில்லை.