யாருக்குடா ஜொரம்?

எங்கள் வீட்டில் பிரெட் என்றால் காய்ச்சல் என்று அர்த்தம். யாருக்காவது உடம்பு அனலாகக் கொதித்தால் தெருமுனைக் கடையிலிருந்து ஒரு பாக்கெட் வரும். சூடான பாலில் தோய்த்து, சர்க்கரை தூவி, கட்டிலில் சாய்ந்தபடி சாப்பிட வேண்டும். காய்ச்சல் விட்டதும் வீடு ரசம் சாதத்துக்கு மாறிவிடும். பாக்கெட்டில் மிச்சமிருக்கும் துண்டுகளை யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். பூசணம் பிடித்த பிறகு யாராவது மூக்கைச் சுளித்துக்கொண்டு குப்பையில் போடுவார்கள். ஆஸ்பத்திரியில் இருப்பவரைப் பார்க்கப் போனாலும் கையில் சாத்துக்குடியும் பிரெட்டும்தான். இதெல்லாம் நன்றாகத் தெரிந்தும் நான் வீட்டில் பிரெட் சுட ஆரம்பித்தேன்.

தேனாம்பேட்டையில் நான் வேலை பார்த்த அலுவலகத்தில் ஆட்களைக் குறைத்தபோது என்னையும் வீட்டுக்கு அனுப்பினார்கள். ஓய்வுக்கு இன்னும் சில வருஷம் பாக்கி இருந்தது. மனைவிக்குத் தரமணியில் ஒரு கல்வி நிறுவனத்தின் பரிசோதனைக் கூடத்தில் வேலை; மந்தைவெளியில் பறக்கும் ரயில் ஏறிவிடுவாள். மகளுக்கும் தரமணிதான், கம்பெனி பஸ். காலையில் இருவரும் கிளம்பிப் போனால் ஃப்ளாட்டில் நானும் என் அப்பாவும் மட்டும். அப்பா பஸ் டிப்போவில் மெக்கானிக்காக இருந்தவர். எண்பதைத் தாண்டியும் நாக்கில் துரு ஏறவில்லை. என்னைப் பற்றி யார் போனில் விசாரித்தாலும், "அவனுக்கு இன்னா, வெட்டி ஆபீசர்" என்பார்.

காய் வாங்குவது, கரண்ட் பில் கட்டுவது, அப்பாவுக்கு மாத்திரை கொடுப்பது எல்லாம் என் பொறுப்பு என்று ஆனது. ஆனால் நான் அலுவலகம் போன காலத்திலும் இவையெல்லாம் எப்படியோ நடந்துகொண்டுதான் இருந்தன. நான் இல்லாவிட்டால் நின்றுபோகும் என்று சொல்ல அந்த வீட்டில் ஒன்றுகூட இல்லை. வாய்விட்டுச் சொல்லவில்லையே தவிர, எனக்கு அது உறுத்தியது.

பரண்மேல் ஓர் எலெக்ட்ரிக் ஓவன் இருந்தது. மகள் கேக் செய்யப் போகிறேன் என்று முதல் போனஸில் வாங்கி, இரண்டு கேக்கோடு ஆசை தீர்ந்து ஏற்றி வைத்தது. அதை இறக்கித் துடைத்தேன். அடுத்து பிளக் பிரச்சினை. ஓவனுக்குப் பெரிய பிளக் வேண்டும். வீட்டில் இருந்த ஒரே பெரிய பிளக் வாஷிங் மெஷினுக்கு உரியது. பிரெட் வேகும்போது துணி துவைக்க முடியாது, துணி துவைக்கும்போது பிரெட் வேகாது. "ஞாயித்துக்கிழமை மட்டும் அந்தப் பிளக் பக்கம் வராதீங்க, ஒரு வாரத் துணி கிடக்கு" என்று மனைவி முதல் நாளே சொல்லிவிட்டாள். நான் சனிக்கிழமையை எடுத்துக்கொண்டேன்.

யூடியூபில் ஒருவர் சொல்லிக்கொடுத்தார். அவருடைய ஜன்னலுக்கு வெளியே பனி கொட்டிக்கொண்டிருந்தது. பிசைந்த மாவைக் கதகதப்பான இடத்தில் ஒன்றரை மணி நேரம் வைக்கச் சொன்னார். எங்களுக்கு அது மே மாதம். எங்கள் ஃப்ளாட்டில் கதகதப்பில்லாத இடம் ஃப்ரிட்ஜ் ஒன்றுதான். ஒன்றரை மணி நேரம் கழித்துப் போய்ப் பார்த்தால் மாவு பாத்திரத்தைத் தாண்டி மேடையில் வழிந்து, கொழகொழவென்று கிடந்தது. புளித்த நெடி கூடம் வரை வந்தது.

"இன்னாடா, வூட்ல கள்ளு எறக்கிக்கினு கீறியா?" என்றார் அப்பா.

மாலையில் வந்த மனைவி மேடையைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டாள். "இட்லி மாவே இந்த வெயில்ல நாலு மணி நேரத்துல பொங்கிடுது. ஃப்ரிட்ஜுல வைக்க வேண்டியதுதானே?" என்றாள். பனி தேசத்துக்காரரை விட்டுவிட்டு அவள் சொன்னபடியே செய்தேன். ஐஸ் தண்ணீர் விட்டுப் பிசைந்து, பாதி நேரம் ஃப்ரிட்ஜில் வைத்தேன். அதற்கடுத்த சனிக்கிழமை பிரெட் உருப்படியாக வந்தது.

அதிலிருந்து எனக்குப் பைத்தியம் பிடித்துவிட்டது. முதலில் கையில் ஒட்டி மானத்தை வாங்கும் மாவு, பிசையப் பிசைய ஒரு கட்டத்தில் கையை விட்டுவிட்டு உருண்டு நிற்கும். அந்த நிமிஷத்துக்காகவே பிசையலாம். வெந்ததும் கவிழ்த்து அடியில் தட்டினால் டொக்கென்று சத்தம் வர வேண்டும். ஆறும்போது மேல்தோல் மெல்ல வெடிக்கும். காதைப் பக்கத்தில் வைத்தால் கேட்கும். இத்தனை வருஷம் அலுவலகத்தில் நான் முடித்த எந்த வேலையையும் இப்படிக் கையில் தூக்கிப் பார்த்ததில்லை. சந்தோஷமாக இருந்தது.

என்ன பிரயோஜனம்? சாப்பிட ஆள் வேண்டுமே.

மகள் ஃபோட்டோ எடுத்து, "செமப்பா" என்றாள். மனைவி "சூப்பரா இருக்குங்க" என்றாள். ஆளுக்கு ஒரு துண்டு எடுத்தார்கள். பிறகு இருவரும் இட்லிக்குப் போய்விட்டார்கள். அப்பா தட்டைப் பார்த்தார், எங்கள் எல்லோர் முகத்தையும் ஒரு முறை பார்த்தார்.

"யாருக்குடா ஜொரம்?"

"யாருக்கும் இல்லப்பா. டிபனுக்குச் செஞ்சது."

"எனக்கு நல்லாத்தான் கீது. எனக்கு வாணாம்."

மிச்சத்தைக் கீழ்வீட்டு அம்மாவுக்குக் கொடுத்தேன். மறுநாள் மாடிப்படியில் என்னைப் பார்த்ததும் குரலைத் தாழ்த்தி, "அப்பாவுக்கு இப்ப எப்படி இருக்கு?" என்று விசாரித்தார்.

எனக்குப் பாராட்டு வேண்டியிருக்கவில்லை. எங்கள் வீட்டில் பாராட்டுவது விருந்தாளிகள்தான். வீட்டு மனிதர்கள் குறை சொல்வார்கள். சாம்பாரில் புளி தூக்கல், பொரியல் வேகவில்லை என்று சொல்லிக்கொண்டே இரண்டாம் தடவை போட்டுக்கொள்வார்கள். மனைவி செய்த இட்லியை இதுவரை யாரும் சூப்பர் என்று சொன்னதில்லை. ஒரு நாள் இட்லி இல்லாவிட்டால் வீடு இரண்டாகிவிடும். என் பிரெட்டும் அந்த வரிசையில் சேர வேண்டும், அவ்வளவுதான் என் ஆசை. முக்கியமாக அப்பா அதைச் சாப்பாடு என்று ஒத்துக்கொள்ள வேண்டும். அவர்கள் சூப்பர் என்று சொல்லச் சொல்ல எனக்கு எரிச்சல்தான் வந்தது.

ஒரு ஞாயிறு குக்கர் மக்கர் செய்து சோறு தாமதமாகிவிட்டது. அப்பாவுக்கு மாத்திரை நேரம். சாப்பிட்டே ஆக வேண்டும். மனைவி வைத்த கறிக்குழம்பு தயாராக இருந்தது. முந்தின நாள் பிரெட்டில் தடிமனாக இரண்டு துண்டு வெட்டி, தோசைக்கல்லில் முறுக விட்டு, குழம்போடு வைத்தேன். அவர் ஒன்றும் பேசாமல் சாப்பிட்டார். கடைசித் துண்டால் தட்டை வழித்துவிட்டுக் கை கழுவப் போனார். அடுத்த சில ஞாயிறும் தட்டு ஓரத்தில் இரண்டு துண்டு வைத்தேன். தட்டு காலியாகத் திரும்பி வந்தது. பசிக்கு எதுவும் இறங்கும் என்று நினைத்து நான் அதைக் கணக்கில் சேர்க்கவில்லை. மனுஷர் வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்லவில்லையே.

மழைக்காலத்தில் மனைவிக்குக் காய்ச்சல் வந்தது. ஊரெல்லாம் இருமிக்கொண்டிருந்த நேரம். சொன்னால் தப்பாகத் தெரியும், ஆனால் எனக்கு உள்ளூர ஒரு உற்சாகம். காய்ச்சலுக்குப் பிரெட், பிரெட்டுக்கு நான். அன்றைக்கே சுட்டு, பாலைக் காய்ச்சி, தட்டில் எடுத்துக்கொண்டு போனேன். அவள் ஒரு வாய் வைத்து மெதுவாக மென்றாள். ரொம்ப நேரம் மென்றாள்.

"கோச்சுக்காதீங்க. கடை பிரெட் கிடைக்குமா? மெத்துனு இருக்குமே, அது."

குடையை எடுத்துக்கொண்டு மழையில் போய் வாங்கிவந்தேன். பாலில் கரைந்துபோகும் அந்தச் சவசவத்த பிரெட்டை அவள் கண்ணை மூடிக்கொண்டு சாப்பிட்டாள். இன்னும் இரண்டு துண்டு கேட்டாள். எனக்குச் சுருக்கென்றது. காய்ச்சல்காரிமேல் கோபப்படவும் வழியில்லை. காய்ச்சலுக்குக்கூட ஆகாத பிரெட்டை யாருக்காகச் சுட வேண்டும்? ஓவன்மேல் ஒரு பழைய துண்டைப் போட்டு மூடினேன். நாளடைவில் மடிக்காத துணியெல்லாம் அதன்மேல் ஏறின. சனிக்கிழமைகளில் மத்தியானம் தூங்கப் பழகினேன். ஏன் சுடவில்லை என்று யாரும் கேட்கவில்லை. நானும் முறுக்கிக்கொண்டு இருந்தேன்.

பிறகு ஒரு ஞாயிறு. மனைவி தேறி, பழையபடி கறிக்குழம்பு வைத்திருந்தாள். பின்னால் வாஷிங் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. அப்பா தட்டின் முன்னால் உட்கார்ந்தார். சோறு இருந்தது, குழம்பு இருந்தது. கை வைக்கவில்லை.

"ரொட்டி எங்க?"

"கடை பிரெட் இருக்குப்பா. எடுத்துட்டு வரவா?" என்றேன். வேண்டுமென்றேதான் சொன்னேன்.

"அது ஜொரத்துக்குத் துண்றது. இங்க யாருக்கு ஜொரம்? நீ சுடறது எங்க?"

"நான் சுடறது எதுக்குப்பா?"

என்னைப் பார்த்தார். டிப்போவில் ஸ்பானர் எது, திருப்புளி எது என்று தெரியாதவனைப் பார்த்திருப்பாரே, அந்தப் பார்வை.

"கொழம்புக்குடா. கட ரொட்டி கொழம்புல போட்டா கரஞ்சி பூடும். உன்னுது நிக்கும்." கொஞ்சம் யோசித்தார். "போன தபா உப்பு கம்மி. சொல்லணும்னு நெனச்சேன், மறந்துட்டேன்."

மகள் சிரிப்பை அடக்கிக்கொண்டு தட்டைப் பார்த்துக் குனிந்துகொண்டாள்.

"இப்ப ஆரம்பிச்சா சாயந்திரம் ஆயிடும்பா" என்றேன்.

"ஆவட்டும். வெட்டியாத்தான கீற." மாத்திரைக்காக ரசம் ஊற்றி இரண்டு பிடி சோறு சாப்பிட்டார். குழம்புக் கிண்ணத்தை மட்டும் மருமகள் பக்கம் தள்ளினார். "இத்த மூடி வைம்மா. அப்பால துண்றேன்."

மனைவி கிண்ணத்தை மூடினாள். எழுந்து பின்பக்கம் போனாள். ஓடிக்கொண்டிருந்த வாஷிங் மெஷின் சட்டென்று நின்றது. போய்ப் பார்த்தால் ஒரு வாரத் துணி நுரையோடு பாதியில் கிடக்க, ஓவன்மேல் இருந்த துணிக்குவியலை இறக்கிவிட்டு, அதன் பிளக்கைச் சொருகிக்கொண்டிருந்தாள்.

நான் மாவு டப்பாவைத் திறந்தேன். உப்பு அரை ஸ்பூன் கூடுதலாகவே போட்டேன்.