இரும்பு தட்டிய நாள்

ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் துணி தேய்க்கும் அந்த அம்மாவுக்கு வயது நாற்பத்தாறு. இளவயதில் ஜூடோவில் கருப்பு பெல்ட் வாங்கியவர். ஜூடோவில் பிடி தாங்க முடியாவிட்டால் தரையிலோ எதிராளி மேலோ இரண்டு தட்டு தட்ட வேண்டும், எதிராளி உடனே விட்டுவிடுவார். இவர் தட்டியதே இல்லை. அதனால் ‘இரும்பு’ என்று பேர். அந்தப் பேரைக் காப்பாற்றத்தான் ஒருநாள் பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தார். வலது தோள் கழன்றுவிட்டது. அதோடு ஜூடோவும் நின்று பதினெட்டு வருஷம் ஆயிற்று.

“இரும்பு கடைசியில இஸ்திரிப்பெட்டி ஆயிடுச்சு” என்று நாத்தனார் கேலி செய்வாள். இவரும் சிரிப்பார். ஆனால் படுக்கை விரிப்பை உதறும்போதெல்லாம் கை தானாக யாருடைய காலரையோ தேடும்.

மறுபடி விளையாடலாமா என்று ஆஸ்பத்திரியிலேயே கேட்டுப் பார்த்தார். “தோள் நல்லாயிருக்கு, விளையாடுங்க. இன்னொரு தடவை கழண்டா வேலையும் போயிடும், பாத்துக்கங்க” என்றார் டாக்டர்.

கடவுளிடம் சொல்லிவிட்டு ஜூடோ பள்ளி தேடக் கிளம்பினார். முதல் இடத்தில் பழைய சான்றிதழைப் பார்த்ததும், “நாளைக்கே கிளாஸ் எடுங்க மேடம், போர்டுல உங்க போட்டோ போட்டுடலாம்” என்றார்கள். கும்பிடு போட்டு வந்துவிட்டார். அடுத்த இடத்துச் சுவரில், ‘இங்கே யாரும் தட்டுவதில்லை’ என்று கொட்டை எழுத்தில் இருந்தது. அதன் கீழேயே கையில் கட்டோடு ஒருவர் உட்கார்ந்திருந்தார்.

“துணி எடுக்கக்கூட இத்தனை கடை ஏறினதில்லையே அண்ணி!” என்றாள் நாத்தனார்.

மூன்றாவது பள்ளி டயர் கடை மாடியில். ஆசிரியை இவரைவிடச் சின்னவள். புதிதாகச் சேர்ந்த தொப்பைக்கார வங்கி குமாஸ்தா அவள் கையைத் தப்பும் தவறுமாகப் பிடித்திருந்தார். கடைசியில் பிடி சரியாக விழுந்தது. அவள் டப் டப்பென்று தட்டிவிட்டாள்.

இரும்புக்குப் பொறுக்கவில்லை. “இதுக்கா தட்டுனீங்க? கையை உருவியிருக்கலாமே!”

“உருவியிருக்கலாம்க்கா. சாருக்கு இன்னைக்குத்தான் பிடி வந்திருக்கு. எனக்கும் நாளைக்குக் கை வேணும்ல?”

இரும்பு தன் வலது தோளைத் தடவிக்கொண்டார். பிறகு, “புதுசா சேர்றவங்க கட்டுற வெள்ளை பெல்ட் ஒண்ணு குடுங்க” என்றார்.

இரண்டாவது வாரம் அதே குமாஸ்தாவிடம் வலது கை மாட்டியது. பழைய வீம்பு தலைதூக்கியது, பல் நறநறத்தது. ‘கடவுளே, இந்த வீம்பை நீயே எடுத்துக்கோ’ என்று இடது கையால் தட்டினார். சூடு பார்க்க இஸ்திரிப்பெட்டியைத் தொடுகிற மாதிரி, பட்டும் படாமல். குமாஸ்தாவுக்குத் தெரியவே இல்லை.

“பூட்டின கதவைத் தட்டுற மாதிரி தட்டுங்கக்கா!” என்று கத்தினாள் ஆசிரியை.

டப்! டப்! மாடியே அதிர்ந்தது. பிடி விட்டது. தோள் இருந்த இடத்தில் இருந்தது.

எழுந்தபோது உடம்பு பஞ்சாக இருந்தது. இனி எதற்குப் பயம்? அடுத்த சுற்றில் காலர் கைக்கு வந்தது, இவர் இடுப்பு அவர் தொப்பைக்கு அடியில் புகுந்து தூக்கிப் போட்டது. குமாஸ்தா விட்டத்தைப் பார்த்தபடி மல்லாந்து கிடந்தார். “அம்மாடி! எப்படி விழுந்தேன்னே தெரியலையே!” என்று அவரே கைதட்டினார்.

மறுநாள் காலை அதே தோளால் விரிப்புகளை உதறி அடுக்கிக்கொண்டிருந்தார். அங்கேயே மடிப்பு வேலை பார்க்கும் நாத்தனார் கேட்டாள்: “என்ன அண்ணி, ஜெயிச்சீங்களா?”

“தட்டுனேன்டி!” என்றார் இரும்பு, மெடல் வாங்கிய முகத்தோடு.