சார்ஜர் முன்னால் காய்ந்த மிளகு

எழுபது கொண்டை ஊசி வளைவுகள் ஏறிச் செம்மேட்டுக்கு வந்தபோது என் மின்சாரக் காரில் பன்னிரண்டு சதவீதம்தான் மிச்சம். விடுதி வாசலில் ஒரு ஃபாஸ்ட் சார்ஜர் இருந்தது. அதன் முன்னால் சிமென்ட் தரை முழுக்க மிளகு காய்ந்தது. தலையில் துண்டு கட்டிய காவலாளி என்னைக் கண்டதும் பெருமூச்சோடு மிளகைக் கூட்டி ஒதுக்கினார்.

"மெசின் ஓடாதுங்க. ரெண்டு மாசமாச்சு. இனி சார்ஜ் போட நாமக்கல்லுதானுங்க."

"அப்புறம் எதுக்கு மிளகைக் கூட்டுறீங்க?"

"சொன்னா ஆருங்க நம்பறாங்க? ஒருக்கா சொருகிப் பாத்துட்டுத்தான் எல்லாரும் போறாங்க."

நானும் சொருகிப் பார்த்தேன். திரை இருட்டாகவே இருந்தது.

காரை வெளியே எடுத்ததும் அவர் மிளகைப் பரப்பத் தொடங்கினார். "மெதுவா போங்க சாமி. எறக்கத்துல சார்ஜ் அதுவா கொஞ்சம் ஏறுமுங்க" என்றார், நிமிராமலேயே.

அதையும் நான் நம்பவில்லை. அடிவாரத்தில் பார்த்தேன், பதினாறு சதவீதம் காட்டியது.