கிரனாடாவிலிருந்து வாப்பாவிடம்

இதை வாசிக்கிற சகோதரிகள் எல்லோர் வீட்டிலும் அல்லாஹ்வின் சாந்தி நிலைக்கட்டும். நான் பேச்சாளி இல்லை. மேடையில் ஏற்றினால் நாக்கு ஒட்டிக்கொள்ளும். அதனால்தான் எழுதித் தருகிறேன். எனக்கு நடந்ததை ஒளிவுமறைவில்லாமல் சொல்லிவிட்டால் போதும் என்று தோன்றுகிறது.

2004 ஆகஸ்ட் மாதம், ஒரு சனிக்கிழமை மதியம். ஸ்பெயின் நாட்டில் கிரனாடா என்ற பழைய நகரத்தில், ஒரு வீட்டின் மாடி அறையில் தனியாக இருந்தேன். கைபேசி அடித்தது. ஷார்ஜாவிலிருந்து உம்மா.

"வாப்பாவுக்கு நெஞ்சு வலி புள்ள. கடையிலேயே உழுந்துட்டாஹ. ஆஸ்பத்திரில சேத்திருக்கோம். செவ்வாக்கெழம காலைல ஆபரேசன். நெஞ்சத் தொறந்து செய்யணுமாம். நீ அழுவாத, துஆ கேளு. உன் பேரத்தான் சொல்லிக்கிட்டே இருக்காஹ."

அழாதே என்று சொன்ன உம்மாவே அழுதார்கள். போனை வைத்த பிறகு எனக்கு ஒரே ஒரு எண்ணம்தான். செவ்வாய்க்கிழமை காலைக்குள் வாப்பா முகத்தைப் பார்த்துவிட வேண்டும். ஷார்ஜாவுக்குத் திரும்புவதற்கான டிக்கெட் இருந்தது. தேதியை மாற்றினால் போதும். ஆனால் பாஸ்போர்ட் என் கையில் இல்லை. யாரும் திருடவில்லை. நானேதான் எடுத்துக் கொடுத்திருந்தேன்.

எப்படிக் கொடுத்தேன் என்று கேட்டால் சிரிப்பீர்கள். இல்லை, வளைகுடாவில் இருந்தவர்கள் சிரிக்க மாட்டீர்கள்.

எங்கள் குடும்பம் கீழக்கரை, குடியிருந்தது ஷார்ஜாவில். வாப்பா துபாய் தேராவில், லீவில் ஊருக்குப் போகிறவர்களுக்குப் பெட்டியும் கம்பளியும் விற்கிற கடையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கடை லைசென்ஸ் அரபிக்காரர் ஒருவர் பெயரில். அவர்தான் எங்கள் கஃபீல், விசாவுக்குப் பொறுப்பானவர். எங்கள் வீட்டில் எல்லோருடைய பாஸ்போர்ட்டும் அவர் அலுவலகத்து இரும்பு அலமாரியில்தான் இருக்கும். ஊருக்குப் போகும்போது வாப்பா போய் நின்று வாங்கி வருவார்கள். திரும்பி வந்ததும் மறுநாளே கொண்டுபோய்க் கொடுத்துவிடுவார்கள். அது சரியா தப்பா என்று நாங்கள் யோசித்ததே கிடையாது. தங்க இடம் கொடுத்தவரிடம் பாஸ்போர்ட் இருக்கும், அவ்வளவுதான்.

நான் ஷார்ஜாவில் கட்டடக்கலை படித்துக்கொண்டிருந்தேன். கோடை விடுமுறையில் எட்டு வாரம் கிரனாடாவில் பழைய கட்டடங்களை வரையவும் ஸ்பானிஷ் கற்கவும் இடம் கிடைத்தது. போய்ச் சேர்ந்த அன்று வீட்டுக்கார அம்மா பிலார், விவரம் எழுதிக்கொள்ள என் பாஸ்போர்ட்டைக் கேட்டார். எழுதி முடித்ததும் திருப்பி நீட்டினார். நான் வாங்கவில்லை. "நீங்களே வைத்துக்கொள்ளுங்கள்" என்று எனக்குத் தெரிந்த அரைகுறை ஸ்பானிஷில் சொன்னேன். அவர் திரும்பவும் நீட்டினார். நான் திரும்பவும் மறுத்தேன். என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு உள்ளே கொண்டுபோனார். மரியாதையாக நடந்துகொண்டோம் என்று எனக்குப் பெருமை வேறு.

உம்மாவின் போன் வருவதற்கு முந்தைய நாள் பிலார் அம்மா தன் கிராமத்துத் திருவிழாவுக்குக் கிளம்பிப் போயிருந்தார். வர ஒரு வாரம் ஆகும் என்று சொல்லியிருந்தார். அவர் அறை பூட்டியிருந்தது. அவரிடம் கைபேசி இல்லை. உடன் தங்கியிருந்த மாணவிகள் கடற்கரைக்குப் போயிருந்தார்கள். பூட்டிய கதவின் முன்னால் உட்கார்ந்து, கைப்பிடியைத் திருகித் திருகிப் பார்த்தேன்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். சொல்ல வெட்கமாக இருக்கிறது. கிரனாடா போவதற்கு வாப்பா முதலில் சம்மதிக்கவில்லை. சொந்தக்காரர்கள் ஆளாளுக்குப் பேசினார்கள். கல்யாண வயதில் இருக்கிற பெண்ணைத் தனியாக அனுப்புவதா என்று வாப்பாவைக் 'காக்கா' என்று அழைக்கிற அவர்கள் தம்பி, என் சாச்சா, வீட்டுக்கே வந்து சத்தம் போட்டார். அவர் போனதும் நான் வாப்பாவிடம் பாய்ந்தேன்.

"நீங்க முப்பது வருசமா ஒரு கடைக்குள்ளயே கெடந்துட்டீங்க. ஊருக்குப் போறவங்களுக்குப் பெட்டி வித்தே காலத்த ஓட்டிட்டீங்க. நானும் அப்படியே கெடக்கணுமா?"

வாப்பா சாப்பிட்ட தட்டை எடுத்துக்கொண்டு எழுந்து போனார்கள். இரண்டு நாள் கழித்து கஃபீல் அலுவலகத்திலிருந்து என் பாஸ்போர்ட்டை வாங்கிவந்து கையில் வைத்தார்கள். "போயிட்டு வா. நம்ம ஆளுங்க எழுநூறு வருசம் பாங்கு சொன்ன ஊரு அது. இப்பவும் சொல்றாங்களான்னு எனக்காகப் பாத்துட்டு வா" என்றார்கள். நான் மன்னிப்புக் கேட்கவில்லை. நினைத்தது நடந்துவிட்ட குஷியில் பெட்டி அடுக்கினேன்.

கிரனாடாவில் ஐந்து வாரத்தில் நான் என்ன செய்தேன் தெரியுமா? அல்ஹம்ரா அரண்மனையின் சுவர்களில் எழுதியிருந்த அல்லாஹ்வின் பெயரை அளவெடுத்து, பென்சிலால் அழகாக வரைந்தேன். வாத்தியார் பாராட்டினார். தொழுகையை மட்டும் விட்டுவிட்டேன். முதலில் லுஹர், பிறகு அஸர், பிறகு எல்லாமே. பிறந்ததிலிருந்து ஷார்ஜாவில் ஐந்து நேரமும் பாங்கு சத்தம் காதில் விழும். அது இல்லாதபோது எனக்கு நேரமே தெரியாமல் போய்விட்டது. எதிர்மலையில் புதிதாக ஒரு பள்ளிவாசல் கட்டியிருக்கிறார்கள் என்று கேள்விப்பட்டேன். நாளைக்குப் போகலாம், நாளைக்குப் போகலாம் என்று தள்ளிக்கொண்டே வந்தேன். வாப்பா கேட்டதும் மறந்தே போனது.

அந்தச் சனிக்கிழமை, தெருமுனையில் இருந்த டெலிபோன் கடைக்கு ஓடினேன். மொரோக்கோ நாட்டுக்காரர் முஸ்தஃபா நடத்திய கடை. ஸ்பானிஷ் ஒரு வார்த்தைகூட வாயில் வரவில்லை. தேராவில் பொறுக்கிய அரபியில் "ஜவாஸ் மாஃபி, ஜவாஸ் மாஃபி" என்றேன். பாஸ்போர்ட் இல்லை என்று அர்த்தம். "இது எந்த ஊர் அரபி, சகோதரி?" என்று சிரித்தவர், என் முகத்தைப் பார்த்துவிட்டு நாற்காலியை இழுத்துப் போட்டார்.

முழுக்கக் கேட்டார். "நீயாகவே கொடுத்தாயா? ஏன்?" என்று மூன்று தடவை கேட்டார்.  பிலார் அம்மா தன் கிராமத்தின் பெயரைத் தினமும் சொல்லிக்கொண்டிருப்பார் என்பதால் அது எனக்குத் தெரியும். அந்த ஊர் மதுக்கடையின் எண்ணை எங்கெங்கோ விசாரித்துக் கண்டுபிடித்து முஸ்தஃபா பேசினார். திருவிழாக் கூட்டத்தில் தேடிச் சொல்கிறோம் என்றார்களாம். மாலை வரை அங்கேயே உட்கார்ந்திருந்தேன். தகவல் இல்லை. அவரே பயண அலுவலகத்தில் பேசி, திங்கட்கிழமை மாட்ரிட்டிலிருந்து புறப்படுகிற விமானத்துக்கு என் டிக்கெட்டை மாற்றிக் கொடுத்தார். பாஸ்போர்ட்தான் பாக்கி.

ஞாயிற்றுக்கிழமை காலையிலும் தகவல் இல்லை. "பூட்டுத் திறக்கிற ஆள் ஒருவர் இருக்கிறார். மதியம் கூட்டி வரட்டுமா?" என்று முஸ்தஃபா கேட்டார். சரி என்றுவிட்டேன். அடுத்தவர் வீட்டுப் பூட்டை உடைக்கச் சம்மதிக்கிற அளவுக்கு வந்துவிட்டேன் என்று பிறகுதான் உறைத்தது. அறைக்குப் போகப் பிடிக்கவில்லை. கால் போன பக்கம் நடந்தேன். மேடேறி, வெள்ளை வீடுகளுக்கு நடுவே சந்து சந்தாகப் போனேன்.

அப்போது பாங்கு கேட்டது.

ஸ்பீக்கர் இல்லை. அந்தப் புதுப் பள்ளிவாசலின் மினாராக் கோபுரத்தில் ஒருவர் ஏறி நின்று, வெறும் தொண்டையால் சொன்னார். காற்று அடித்தபோது குரல் கேட்டது. காற்று மாறியபோது தேய்ந்தது. நான் அங்கேயே நின்று தேம்பித் தேம்பி அழுதேன். உம்மா ஞாபகம் வந்தது. ஷார்ஜா ரோலாப் பகுதியில் எங்கள் ஃபிளாட்டின் சமையலறை ஜன்னல் ஞாபகம் வந்தது. வீட்டுக்குப் போக வேண்டும் என்று ஒரு மனுஷிக்கு அவ்வளவு ஏக்கம் வரும் என்று எனக்கு அதுவரை தெரியாது.

பள்ளிவாசலுக்குள் பெண்கள் தொழும் இடத்துக்குப் போய் நின்றேன். ஐந்து வாரம் கழித்து எந்த முகத்தோடு கேட்பது? சின்ன வயதில் மனப்பாடம் செய்த அரபி துஆக்கள் ஒன்றுகூட நினைவுக்கு வரவில்லை. சுஜூதில் நெற்றியை வைத்து, தமிழிலேயே கேட்டேன். "யா அல்லாஹ், நான் கெட்டவ. எனக்குத் தகுதி இல்ல. ஆனா வாப்பா நல்லவங்க. ஒரு தடவ, ஒரே ஒரு தடவ வாப்பா மொகத்தப் பாத்து மன்னிப்புக் கேக்க வை. அதுக்கப்புறம் உன் இஷ்டம்." இதையே திரும்பத் திரும்பச் சொன்னேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது. எழுந்தபோது முழங்கால் மரத்திருந்தது. பூட்டை உடைக்க வேண்டாம் என்று மனதில் உறுதியாக வந்துவிட்டது. ஏன் என்று கேட்டால் தெரியாது. முஸ்தஃபாவிடம் அதைச் சொல்லத்தான் வேகமாக இறங்கி வந்தேன்.

வீட்டு வாசலில் பிலார் அம்மா நின்றுகொண்டிருந்தார்.

திருவிழா உடையிலேயே இருந்தார். காதுக்குப் பின்னால் செருகிய பூ வாடியிருந்தது. காலையில்தான் செய்தி கிடைத்ததாம். ஞாயிற்றுக்கிழமை அந்த ஊருக்கு பஸ் இல்லையாம். காய்கறி வண்டி ஒன்றில் முன்சீட்டில் இடம் கேட்டு, மலைப்பாதையில் மூன்று மணிநேரம் குலுங்கி வந்திருக்கிறார். தோளில் மாட்டியிருந்த கைப்பையைத் திறந்தார். கைக்குட்டையில் சுற்றிய என் பாஸ்போர்ட்டை எடுத்தார்.

"இதை ஏன் என்னிடம் கொடுத்தாய் என்று எனக்கு இன்றுவரை புரியவில்லை, பெண்ணே. ஆனால் நம்பிக் கொடுத்தாய். ஆளில்லாத வீட்டில் எப்படி விட்டுவிட்டுப் போவேன்? கூடவே கொண்டுபோனேன்."

பூட்டை உடைத்திருந்தால் அந்த அறையில் ஒன்றுமே கிடைத்திருக்காது. நாம் அமானிதம் என்று சொல்வோமே, ஒருவர் நம்பி ஒப்படைத்த பொருள், அதை எப்படிக் காப்பாற்ற வேண்டும் என்று எனக்கு ஒரு கிறிஸ்தவ அம்மா காட்டினார். அவரைக் கட்டிப்பிடித்து அழுதேன். என் வாப்பாவுக்காகத் தேவாலயத்தில் மெழுகுவத்தி ஏற்றிவிட்டு வந்ததாகச் சொன்னார். அல்லாஹ் அவருக்கு நல்லதைச் செய்யட்டும் என்று இன்றும் கேட்கிறேன்.

திங்கட்கிழமை காலை பஸ்ஸில் மாட்ரிட். அங்கிருந்து விமானம். செவ்வாய்க்கிழமை விடிந்தபோது துபாயில் இறங்கினேன். சாச்சா வந்திருந்தார். திட்டுவார் என்று பயந்தேன். பெட்டியை வாங்கிக்கொண்டு, "சீக்கிரம் வாம்மா. காக்கா வாசலையே பாத்துக்கிட்டு இருக்காஹ" என்று மட்டும் சொன்னார்.

ஆபரேஷனுக்கு அழைத்துப் போக இன்னும் ஒரு மணிநேரம் இருந்தது. பச்சைத் துணியில் வாப்பா சின்னப் பிள்ளை அளவுக்குச் சுருங்கிக் கிடந்தார்கள். கையைப் பிடித்துக்கொண்டேன்.

"கடைக்குள்ளயே கெடந்துட்டீங்கன்னு சொன்னேனே வாப்பா. என்ன மன்னிச்சிருங்க."

வாப்பா, "முப்பது இல்ல. இருபத்தாறு வருசம்தான். கூட்டிச் சொல்லிட்ட" என்றார்கள். உம்மா அழுகையோடு சிரித்துவிட்டார்கள். நர்ஸ் வந்து பேச வேண்டாம் என்றாள். வாப்பா அதைக் காதில் வாங்கவில்லை.

"அங்க பாங்கு சொல்றாங்களா?"

"சொல்றாங்க வாப்பா. ஸ்பீக்கர் இல்ல. மினாராவுல ஏறி நின்னு வாயாலயே சொல்றாங்க. நான் கேட்டேன்."

வாப்பாவின் கண்ணிலிருந்து தண்ணீர் காதுவரை ஓடியது. "அல்ஹம்துலில்லாஹ்" என்றார்கள். ஞாயிற்றுக்கிழமைக்கு முன்னால் கேட்டிருந்தால் எனக்குப் பதில் தெரிந்திருக்காது. அந்த இரண்டு நாள் தவிப்பு இல்லாவிட்டால் நான் அந்த மேட்டில் ஏறியிருக்கவே மாட்டேன். இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு உடம்பு சிலிர்க்கிறது.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. அன்றிலிருந்து என்னால் முடிந்தவரை ஒரு வக்துத் தொழுகையையும் விட்டதில்லை. ஒரே ஒரு தடவை முகத்தைப் பார்த்தால் போதும் என்றுதான் நான் கேட்டேன். அல்லாஹ் நாலரை வருடம் கொடுத்தான். என் நிக்காஹ் வாப்பா கையால் நடந்தது. என் மகளுக்கு அவர்கள்தான் காதில் பாங்கு சொன்னார்கள். 2009-ல், ஒரு வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுதுவிட்டு வந்து சாய்ந்தவர்கள் எழுந்திருக்கவில்லை. நான் பக்கத்தில்தான் இருந்தேன்.

சகோதரிகளே, கேளுங்கள். தொழுகையை விட்டு நாளாகிவிட்டது, எந்த முகத்தோடு கேட்பது என்று ஒதுங்கி நிற்காதீர்கள். நானும் அந்த முகத்தோடுதான் போனேன். அரபி வராவிட்டால் தமிழில் கேளுங்கள். தமிழும் வராவிட்டால் அழுங்கள். அவனுக்குப் புரியும்.

இன்றும் சுஜூதில் நான் கேட்பது அதே துஆதான். வாப்பா முகத்தை இன்னொரு தடவை காட்டு, யா அல்லாஹ். இங்கே முடியாது, தெரியும். அங்கே காட்டு. ஒரு தடவை தந்தவன் இன்னொரு தடவையும் தருவான்.